நுரையீரல் கணக்கு குடலுக்கு ஒத்துவரவில்லை

மருந்து வேதியியல் என் தொழில். மாத்திரைக்குள் இருக்கிற மூலக்கூறை முதன்முதலில் குடுவையில் செய்து பார்க்கிற கூட்டம் நாங்கள். திருச்சியில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு மேற்படிப்புக்கு அமெரிக்கா வந்தவன், கலிஃபோர்னியாவில் ஒரு நடுத்தர மருந்து நிறுவனத்தில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டேன். பணிக்காலத்தின் பெரும்பகுதி கே-ராஸ் என்கிற ஒரே ஒரு புரதத்தோடு போனது. எங்கள் நிறுவனத்து மூலக்கூறு கடைக்கு வரவில்லை. மனிதர்களிடம் முதல்கட்டச் சோதனை நடந்துகொண்டிருந்தபோதே நிறுத்திவிட்டார்கள். கடைக்கு வந்தவை மற்றவர்களின் மருந்துகள். ஆகவே இது பந்தயத்தில் பின்தங்கியவன் சொல்லும் கதை. ஆனால் அதே பாதையில்தான் நானும் ஓடினேன்.

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேருக்குக் கட்டியில் கே-ராஸ் மரபணு பிழைபட்டிருக்கும். பரம்பரையாக வந்த பிழை அல்ல அது. குடலின் உட்சுவரில் ஏதோ ஒரு செல் பிரியும்போது ஓர் எழுத்து மாறிப்போயிருக்கும், அவ்வளவுதான். செல்லுக்கு வெளியிலிருந்து வரும் 'வளர், பிரி' என்ற கட்டளையை உள்ளே கடத்துவது இந்தப் புரதத்தின் வேலை. குவானோசின் ட்ரைபாஸ்பேட் ஒட்டியிருந்தால் அது வேலை செய்யும் நிலை. ஒரு பாஸ்பேட் கழன்று டைபாஸ்பேட் ஆகிவிட்டால் ஓய்வு நிலை. பிழைபட்ட கே-ராஸ் ஓய்வுக்குப் போக மறுக்கும். வெளியிலிருந்து யாரும் சொல்லாமலே கட்டளை போய்க்கொண்டே இருக்கும்.

1960-களில் எலிகளில் கட்டி உண்டாக்கும் வைரஸ்களைத் தனித்தனியே கண்டவர்கள் ஜெனிஃபர் ஹார்வியும் வெர்னர் கிர்ஸ்டனும். ஹெச்-ராஸ், கே-ராஸ் என்ற பெயர்களில் முதலில் நிற்பவை அவர்கள் பெயரின் முதலெழுத்துகள். 1982-ல் மனிதச் சிறுநீர்ப்பைக் கட்டியிலிருந்து ராஸ் மரபணுவைப் பிரித்தெடுத்து, நல்ல மரபணுவுக்கும் இதற்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்று காட்டினார்கள். எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. மருந்து வர இன்னும் ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஆனது.

காரணம் வேதியியல்தான். செல்லுக்குள் ட்ரைபாஸ்பேட்டுக்குப் பஞ்சமே இல்லை. கே-ராஸ் அதைப் பிடிக்கும் பிடியும் அசாத்திய இறுக்கம். அதை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும் மருந்து செய்வது நடக்கிற காரியமில்லை. புரதத்தின் மற்ற பரப்பிலோ மருந்து நுழையச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு பள்ளம் கிடையாது. 1990-களில் சுற்றுவழியாகப் போனார்கள். கே-ராஸ் செல்சவ்வில் ஒட்டிக்கொள்ள அதற்கு ஒரு கொழுப்பு வால் வேண்டும். அந்த வாலை மாட்டிவிடும் நொதியைத் தடுத்துவிட்டால் போதுமே என்று எண்ணினார்கள். பல நிறுவனங்கள் பணத்தைக் கொட்டின. கே-ராஸ் இன்னொரு நொதியிடம் இன்னொரு வாலை வாங்கி மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது. டிப்பிஃபார்னிப் என்ற அந்த வகை மருந்து முற்றிய பெருங்குடல் புற்றுநோயில் மூன்றாம்கட்டச் சோதனை வரை போய்த் தோற்றது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கே-ராஸ் என்று சொன்னாலே மூத்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

2013-ல்தான் நிலைமை மாறியது. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கெவன் ஷோகட்டின் குழு நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. எல்லா கே-ராஸ் பிழைகளையும் ஒரே மருந்தால் அடக்க வேண்டும் என்ற ஆசையை அவர்கள் விட்டுவிட்டார்கள். ஒரே ஒரு பிழையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். புரதத்தில் பன்னிரண்டாவது இடத்தில் கிளைசின் இருக்க வேண்டும். சிலருக்கு அங்கே சிஸ்டீன் வந்து உட்கார்ந்திருக்கும். அந்தப் பிழைக்கு ஜி12சி என்று பெயர். சிஸ்டீனில் கந்தகம் உண்டு. கந்தகத்தோடு நிரந்தரப் பிணைப்பு போடக்கூடிய மூலக்கூறுகளை அனுப்பிப் பார்த்தபோது, அதுவரை எவர் கண்ணிலும் படாத ஒரு பள்ளம் அதன் அருகிலேயே திறந்தது. நல்ல கே-ராஸில் அந்த இடத்தில் சிஸ்டீனே இல்லை என்பதால் நல்ல செல்களை மருந்து தொடாது. ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது: புரதம் ஓய்வு நிலையில் இருக்கும்போதுதான் அந்தப் பள்ளம் கிடைக்கும். இந்த நிபந்தனை பின்னால் குடலில் எங்களைப் படுத்தியெடுத்தது.

அந்தக் கட்டுரை வந்த பிறகு அமெரிக்காவில் ஏழெட்டு இடங்களிலாவது இதே வேலை தொடங்கியிருக்கும். எங்கள் ஆய்வகமும் அவற்றுள் ஒன்று.

எங்கள் அன்றாட வேலை எப்படி என்றால், காலையில் வந்ததும் முந்தின நாள் செய்த மூலக்கூறை நிறப்பிரிகைக் குழாயில் போட்டுச் சுத்தம் செய்வோம். சிறு கண்ணாடித் தகட்டில் புள்ளி வைத்து, கரைப்பானில் நிறுத்தி, புற ஊதா விளக்கின் கீழ்ப் பிடித்தால் நாம் செய்த சரக்கு எந்த உயரத்தில் நிற்கிறது என்று தெரியும். கரைப்பானை ரோட்டாவேப்பில் சுழற்றி ஓட்டிவிட்டு, மிஞ்சும் வெள்ளைப் பொடியில் சில மில்லிகிராம் எடுத்து உயிரியல் பிரிவுக்கு அனுப்புவோம். அவர்கள் அதைத் தூய கே-ராஸ் புரதத்தோடு கலந்துவைத்து, நிறை நிறமாலைக் கருவியில் புரதத்தின் எடையைப் பார்ப்பார்கள். ஆய்வகத்தில் நாங்கள் பயன்படுத்தும் கே-ராஸ் துண்டின் எடை சுமார் 19,000 டால்டன். எங்கள் மூலக்கூறின் எடை ஐந்நூற்றுச் சொச்சம். திரையில் 19,000-ஐ ஒட்டி ஒரே ஒரு கோபுரம் நின்றால் மருந்து ஒட்டவில்லை. அதற்கு ஐந்நூற்றுச் சொச்சம் தள்ளி வலதுபுறம் இன்னொரு கோபுரம் முளைத்தால் ஒட்டியிருக்கிறது. பழைய கோபுரம் முழுக்கக் கரைந்து புதியது மட்டும் நின்றால், அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு ருசிக்கும். அறுக்க முடியாத பிணைப்பு என்பதால், ஒட்டியதா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. மருந்து வேதியியலில் இவ்வளவு தெளிவான விடை கிடைக்கும் திட்டங்கள் அபூர்வம்.

கந்தகத்தைப் பிடிக்கும் கொக்கிக்கு நாங்கள் எல்லோருமே அக்ரிலமைடைத்தான் நம்பினோம். அதிலும் அளவு வேண்டும். கொக்கியின் வேகம் கூடிப்போனால், கட்டியை அடையும் முன்பே ஈரலில் இருக்கும் குளூட்டாதயோனிடம் மாட்டிக்கொண்டு வீணாகும். குறைந்துபோனால் கே-ராஸ் பக்கத்தில் போய் நின்றும் பிடிக்காது. ஒரு மெத்தில் தொகுதியை இங்கே வைப்பதா அங்கே வைப்பதா என்று வாரக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம்.

இன்னொரு தலைவலி வந்தது. எங்கள் மூலக்கூறின் நடுவில் இரண்டு வளையங்களை இணைக்கும் பிணைப்பு தாராளமாகச் சுழலவில்லை. அக்கம்பக்கத்து அணுக்கள் இடித்ததால் பாதியில் நின்றது. விளைவு: ஒரே மூலக்கூறு, ஒன்றின் கண்ணாடி பிம்பமாக மற்றொன்று என்று இரு வடிவங்களில் வந்தது. ஒன்று ஒட்டும், மற்றது ஒட்டவே ஒட்டாது. பிரித்தெடுத்த நல்ல வடிவம் அலமாரியில் இருக்கும்போதே மெல்லத் திரும்பி மற்றதாக மாறினால் மருந்து நிறுவனம் நடத்த முடியாது. அதனால் பிணைப்பு கொஞ்சமும் சுழலாதபடி இன்னும் பருத்த தொகுதியை வைத்து நெருக்கினோம். சோட்டோராசிப் என்ற ஜி12சி மருந்திலும் இதே சங்கதி உண்டு. ஆம்ஜென் நிறுவனத்து வேதியியலாளர்கள் அதைக் கச்சிதமாகச் சமாளித்ததோடு, தொண்ணூற்றைந்தாவது இடத்து ஹிஸ்டிடின் ஒதுங்கினால் திறக்கும் ஓர் இடுக்கையும் கண்டுபிடித்து அதில் மருந்தின் ஒரு பகுதியை நுழைத்துவிட்டார்கள். 2019 அக்டோபர் இறுதியில் அவர்கள் கட்டுரை நேச்சரில் வந்த அன்று எங்கள் தளத்தில் யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பொறாமைப்படும்படி அழகான வேதியியல் அது.

சோட்டோராசிப் 2021 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2022 டிசம்பரில் அடாக்ராசிப் வந்தது. இரண்டுமே முதலில் நுரையீரல் புற்றுநோய்க்குத்தான். நாளிதழ்கள் நாற்பதாண்டுக் கனவு பலித்தது என்று எழுதின. குடல் பக்கம் என்ன நடந்தது என்பது அந்தச் செய்திகளில் கடைசிப் பத்தியில்கூட இல்லை. அதே மருந்து, அதே அளவு, அதே ஜி12சி பிழை. சோட்டோராசிப் எடுத்த நுரையீரல் நோயாளிகளில் நூற்றுக்கு 37 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. பெருங்குடல் நோயாளிகளில் 62 பேரில் ஆறு பேருக்கு மட்டுமே.

எங்கள் ஆய்வகத்தில் இதை நாங்கள் முன்பே கண்ணால் பார்த்திருந்தோம். உயிரியல் பிரிவில் எனக்கு அடுத்த மேசைக்காரி, ஷாங்காயிலிருந்து வந்தவள். அவள் ஒருநாள் இரண்டு பிளாட் படங்களை என் மேசையில் போட்டாள். ஒன்று ஹெச்358 என்ற நுரையீரல் கட்டிச் செல்கள். இன்னொன்று எஸ்டபிள்யூ837 என்ற மலக்குடல் கட்டிச் செல்கள். இரண்டிலும் ஜி12சி பிழை உண்டு. இரண்டுக்கும் எங்கள் மூலக்கூறையே கொடுத்திருந்தாள். கே-ராஸின் கட்டளை கீழே எர்க் என்ற புரதம் வரை போகிறதா என்று பார்ப்பது அந்தப் படம். போனால் கறுப்புப் பட்டை தெரியும். நான்கு மணி நேரத்தில் இரண்டு படத்திலும் பட்டை மறைந்திருந்தது. இருபத்து நான்கு மணி நேரத்தில் நுரையீரல் படத்தில் அந்த இடம் வெளுப்பாகவே இருந்தது. மலக்குடல் படத்தில் பட்டை திரும்பி வந்திருந்தது, ஏறக்குறைய பழைய கறுப்போடு. மருந்து கெட்டுவிட்டதா என்று கேட்டேன். இல்லை, புது மருந்து ஊற்றியும் அப்படித்தான் என்றாள்.

வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைந்திருக்கும்வரை மிதவை மேலே நிற்கும், வால்வு மூடியிருக்கும். மட்டம் இறங்கினால் மிதவை இறங்கி வால்வு தானே திறந்துகொள்ளும். செல்லிலும் எர்க் வரை போகிற கட்டளை நிறைய இருக்கும்வரை, அது மேலே இருக்கும் ஈஜிஎஃப்ஆர் என்ற வாயிலை அடக்கி வைத்திருக்கிறது. மருந்து கொடுத்துக் கட்டளையை வற்றவைத்தால் அந்த அடக்குமுறை தளர்ந்து ஈஜிஎஃப்ஆர் திறக்கிறது. குடல் செல்களில் ஈஜிஎஃப்ஆரின் வேகம் அதிகம். அது திறந்ததும் நல்ல ராஸ் புரதங்களும் கிளம்பும். புதிதாகச் செல் தயாரிக்கும் பிழைபட்ட கே-ராஸும் உடனே வேலை நிலைக்கு ஏற்றப்பட்டுவிடும். எங்கள் மருந்துக்குத் தேவை ஓய்வு நிலையில் இருக்கும் கே-ராஸ். அது கிடைப்பதே அரிதாகிவிடும். 2020-ல் இத்தாலியின் துரின் நகரத்து ஆய்வாளர்களும் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தினரும் இதை விரிவாக எழுதியபோது, அவர்கள் அச்சிட்ட படங்களும் என் மேசைக்கு வந்த படங்களும் ஒரே கதையைச் சொன்னன.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஓர் எரிச்சல் உண்டு. இந்தப் பாடம் அந்தக் கட்டுரைகளுக்கு எட்டு வருடம் முன்பே எழுதிவைக்கப்பட்டிருந்தது. பிராஃப் என்பது கே-ராஸுக்கு அடுத்த படியில் இருக்கும் புரதம். அதில் வி600இ என்ற பிழை தோல் புற்றுநோயான மெலனோமாவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உண்டு. முற்றிய பெருங்குடல் புற்றுநோயில் பத்தில் ஒருவருக்கு. அந்தப் பிழையை அடைக்கும் வெமுராஃபெனிப் 2011-ல் மெலனோமாவுக்கு வந்து பெரும் பெயர் வாங்கியது. அதையே பெருங்குடல் நோயாளிகள் 21 பேருக்குக் கொடுத்தபோது ஒரே ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியது. ஏன் என்பதை 2012-ல் ஆம்ஸ்டர்டாமில் ரெனே பெர்னார்ட்ஸின் குழுவும், அதே ஆண்டு பாஸ்டனில் ரையன் கோர்கொரனின் குழுவும் சொல்லிவிட்டன: பிராஃபை அடைத்தால் குடலில் ஈஜிஎஃப்ஆர் திறக்கிறது, இரண்டையும் சேர்த்து அடையுங்கள். மெலனோமா செல்களில் ஈஜிஎஃப்ஆர் சொற்பம், ஆகவே அங்கே ஒற்றை மருந்தே பலன் தந்தது. இவ்வளவு வெளிச்சமாக இருந்ததைக் கே-ராஸ்காரர்கள் எத்தனை பேர் திட்டம் தொடங்கும்போதே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்? எங்கள் நிறுவனத்தின் கூட்டங்களில் காட்டும் ஸ்லைடில் நுரையீரல் முதல் வரி. குடல், கணையத்தோடு சேர்ந்து 'பிற' என்ற வரியில் இருக்கும். நுரையீரல் கட்டியில் ஜி12சி நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு. குடலில் மூன்று நான்கு பேருக்கு. சந்தை எங்கே இருக்கிறதோ அங்கேதான் சிந்தனையும் இருக்கும்.

இங்கே செடுக்சிமாபின் கதையைச் சொல்லாமல் தாண்ட முடியாது. ஈஜிஎஃப்ஆரை அடைக்கும் எதிர்ப்புரதம் அது. 2001 கடைசியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் விண்ணப்பத்தை ஏற்காமல் திருப்பி அனுப்ப, முன்கூட்டியே பங்குகளை விற்ற விவகாரம் வெடித்து, நிறுவனத் தலைவர் சிறைக்குப் போனார். சமையல், வீட்டு அலங்கார நிகழ்ச்சிகளால் அமெரிக்கா முழுக்கத் தெரிந்த மார்த்தா ஸ்டுவர்ட்டும் அந்த விசாரணையில் பொய் சொன்னதற்காகச் சிறை சென்றார். மருந்தின் தலையெழுத்து வேறாக இருந்தது. 2004 பிப்ரவரியில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. தோலிலும் ஈஜிஎஃப்ஆர் இருப்பதால், போட்டவர்களுக்கு முகமெல்லாம் பருபோல் வெடிக்கும். பரு வந்தால் மருந்து பிடிக்கிறது என்று மருத்துவர்களும் நம்பினார்கள். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் 2008-ல் கனடா, ஆஸ்திரேலியா நோயாளிகளை வைத்து வந்த முடிவு தெளிவாக இருந்தது: கே-ராஸ் பிழை உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியது, ஆயுளும் ஒரு நாள் நீளவில்லை. ஈஜிஎஃப்ஆர் மேலே, கே-ராஸ் கீழே. கீழே இருப்பது தானாகவே ஓடிக்கொண்டிருந்தால் மேலே அடைத்து என்ன பயன்? அதற்குப் பிறகு கே-ராஸ் பிழை உள்ளவர்களுக்கு செடுக்சிமாப் கூடாது என்பது உலகமெங்கும் விதியாயிற்று.

அதே செடுக்சிமாப் இப்போது கே-ராஸ் பிழை உள்ளவர்களுக்கே திரும்பி வந்திருக்கிறது, தனியாக இல்லை, கே-ராஸை அடைக்கும் மாத்திரையோடு ஜோடியாக. அடாக்ராசிப் மட்டும் எடுத்த பெருங்குடல் நோயாளிகளில் நூற்றுக்கு 19 பேருக்குக் கட்டி சுருங்கியது; செடுக்சிமாபும் சேர்ந்தபோது 46 பேருக்கு. பிறகு 94 பேரிடம் பார்த்தபோது அது 34 சதவீதமாக நின்றது, 2024 ஜூனில் அமெரிக்காவில் துரித அனுமதி கிடைத்தது. முதல் சோதனையில் வரும் எண் அடுத்த சோதனையில் கொஞ்சம் இறங்கும். எங்கள் தொழிலில் இது மாமூல். முதல் எண்ணை நம்பிக் கொண்டாடுகிறவர்கள் முதலீட்டாளர்கள் மட்டுமே. சோட்டோராசிபோடு, ஈஜிஎஃப்ஆரை அடைக்கும் பானிடுமுமாப் சேர்ந்த ஜோடிக்கு 2025 ஜனவரியில் அனுமதி வந்தது. இரண்டும் ஆம்ஜென் மருந்துகள் என்பதைக் கவனியுங்கள். ஜோடி மருந்து என்றால் இரண்டு கம்பெனிகளின் வழக்கறிஞர்கள் ஒரு மேசையில் உட்கார வேண்டும். ஒரே கம்பெனி என்றால் அந்தத் தொல்லை இல்லை. எங்கள் நிறுவனத்திடம் ஈஜிஎஃப்ஆர் மருந்து இல்லை. வெளியே பேசிப் பார்த்தார்கள், படியவில்லை. திட்டத்தை மூடியதற்கு அறிக்கையில் வேறு காரணம் எழுதினார்கள்.

அந்த சோட்டோராசிப்-பானிடுமுமாப் ஜோடியின் சோதனையில் வேதியியலாளனாக எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. சோட்டோராசிப் 960 மில்லிகிராம், அதாவது ஆரம்ப நாட்களில் 120 மில்லிகிராம் மாத்திரை எட்டு, தினமும் விழுங்க வேண்டும். இவ்வளவு எதற்கு, 240 போதாதா என்று கட்டுப்பாட்டு அமைப்பே கேட்டிருந்தது. பெருங்குடல் சோதனையில் இரண்டு அளவையும் பானிடுமுமாபோடு சேர்த்துப் பார்த்தார்கள். 960-ல் நூற்றுக்கு 26 பேருக்குக் கட்டி சுருங்கியது. 240-ல் ஆறு பேருக்கு. வழக்கமான சிகிச்சையில் ஒருவருக்கும் இல்லை. நோய் முன்னேறாமல் நின்ற காலம் 960-ல் 5.6 மாதம், வழக்கமான சிகிச்சையில் 2.2 மாதம். அரைகுறையாக அடைத்தால் குடல் விடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். அந்தச் சோதனை மொத்த ஆயுளைக் கூட்டியதா என்று கேட்டால், புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாத விலையோ, சோட்டோராசிப் வந்த புதிதில் அமெரிக்காவில் 17,900 டாலர்.

5.6 மாதத்துக்குப் பிறகு என்ன ஆகிறது? கட்டி வழி கண்டுபிடிக்கிறது. நோய் திரும்பியவர்களின் ரத்தத்தில் மிதக்கும் கட்டி டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்தால், ஒரே நோயாளியிடம் கே-ராஸிலேயே புதிய பிழைகள், என்-ராஸில் ஒன்று, ஈஜிஎஃப்ஆரில் ஒன்று என்று ஒரே நேரத்தில் பல கிளைகள் தெரிகின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம். நாங்கள் ஒரு புரதத்தின் ஓர் அமினோ அமிலத்துக்கு மருந்து செய்கிறோம். நோயாளியின் ஈரலுக்குப் பரவிய கட்டியில் பல வகைச் செல்கள் ஒன்றாகக் குடியிருக்கின்றன. இந்த வகை மருந்தைக் 'குணமாக்கும் மருந்து' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முற்றிய நிலையில் இது காலம் வாங்கித் தருகிற மருந்து.

எவ்வளவு காலம் என்பது எந்தக் கட்டத்தில் கொடுக்கிறோம் என்பதையும் பொறுத்தது. பிராஃப் பக்கம் இது நன்றாகத் தெரிந்தது. கீமோ பலனற்றுப் போனவர்களிடம் பிராஃபை அடைக்கும் என்கோராஃபெனிபும் செடுக்சிமாபும் கொடுத்த பீக்கன் சோதனையில் சராசரி ஆயுள் 5.4 மாதத்திலிருந்து 8.4 மாதமானது. 2020 ஏப்ரலில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதே ஜோடியைக் கீமோவோடு சேர்த்து முதல் சிகிச்சையாகவே கொடுத்த பிரேக்வாட்டர் சோதனையின் முடிவு 2025-ல் வந்தது: நோய் முன்னேறாத காலம் 7.1 மாதத்திலிருந்து 12.8, ஆயுள் 15.1 மாதத்திலிருந்து 30.3. பெருங்குடல் புற்றுநோயில் மிக மோசமானது என்று ஒதுக்கப்பட்டிருந்த பிழை அது. இந்த எண்களைப் படித்தபோது, எங்கள் துறையில் நான் பார்த்த எல்லா நேச்சர் கட்டுரைகளையும்விட இது பெரிது என்று தோன்றியது. இத்தனைக்கும் அதில் புதிய மூலக்கூறு ஒன்றுகூட இல்லை.

போன வருடம் ஊரிலிருந்து அண்ணி போன் செய்தார். பெரியப்பா மகன் அண்ணனுக்குப் பெருங்குடலில் கட்டி, ஈரலுக்கும் பரவியிருந்தது.

"தம்பி, ரிப்போர்ட்டு வாட்ஸப்புல போட்டுருக்கேன், பாருங்க. கே-ராஸ்னு எழுதியிருக்கு. நீங்க செய்யுற மருந்து இதுக்குத்தானே?"

பார்த்தேன். கே-ராஸ்தான். ஆனால் ஜி12டி. பன்னிரண்டாவது இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் அஸ்பார்ட்டிக் அமிலம். நல்ல மரபணுவிலிருந்து வித்தியாசம் ஒரே எழுத்து. கந்தகம் இல்லை, எங்கள் கொக்கி பிடிக்க அங்கே எதுவும் இல்லை. குடலில் அதிகம் காணப்படும் கே-ராஸ் பிழையே ஜி12டிதான்.

"இல்லை அண்ணி, இது அதுக்குப் பக்கத்து வீடு. இதுக்கு இன்னும் மருந்து கடைக்கு வரலை. சோதனையிலதான் இருக்கு."

"அப்ப இப்பப் போடுற ஊசி? முகமெல்லாம் பருவா வருது, டாக்டரு நல்ல அறிகுறிங்கிறாரு."

எந்த ஊசி என்று கேட்டேன். செடுக்சிமாப். கே-ராஸ் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வருமுன்பே கீமோவோடு சேர்த்துத் தொடங்கியிருக்கிறார்கள். மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேரே மருத்துவரிடம் போய் இந்த ஊசி இனி தேவையா என்று கேளுங்கள் என்றேன். நிறுத்திவிட்டார்கள், கீமோ மட்டும் தொடர்ந்தது.

ஜி12டிக்கு ஆட்கள் வேலை செய்கிறார்கள். கொக்கி இல்லாமலே ஒட்டும் மூலக்கூறுகள் வந்துவிட்டன. வேலை நிலையில் இருக்கும் ராஸையே, செல்லில் இருக்கும் சைக்ளோஃபிலின் என்ற இன்னொரு புரதத்தோடு சேர்த்துப் பூட்டுகிற வகையும் மனிதர்களிடம் சோதனையில் இருக்கிறது. டாராக்சன்ராசிப் அப்படிப்பட்டது. எந்தப் பிழையாக இருந்தாலும் பிடிக்கும் என்கிறார்கள். குடலில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் குடலில் பார்த்த பிறகே நான் நம்புவேன்.

இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பழக்கத்திலோ யாருக்காவது பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வேறு உறுப்புக்குப் பரவியிருப்பதாகச் சொன்னால், சிகிச்சை தொடங்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள்: கே-ராஸ், என்-ராஸ், பிராஃப் பார்த்தாயிற்றா? எம்.எஸ்.ஐ. என்ற சோதனை ஆயிற்றா? ஹெர்2 பார்த்தார்களா? கட்டி குடலின் இடப்பக்கமா, வலப்பக்கமா? எம்.எஸ்.ஐ. மிகுந்திருந்தால் கீமோவுக்கு முன்பே நோயெதிர்ப்பு மருந்து கொடுக்க இடமுண்டு. பெம்ப்ரோலிசுமாப் 2020-லேயே அதற்கு அமெரிக்க அனுமதி பெற்றுவிட்டது. இந்தச் சோதனைகளுக்குப் பெரும்பாலும் மறுபடி கத்தி வைக்க வேண்டியதில்லை. பயாப்ஸியோ அறுவையோ செய்தபோது எடுத்த திசுவை மெழுகுக் கட்டியில் பதித்து நோய்க்குறியியல் ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள். அதைக் கேட்டு வாங்கலாம். அது நோயாளிக்காக எடுத்த திசு. ராஸ் முடிவு கைக்கு வராமல் செடுக்சிமாபோ பானிடுமுமாபோ தொடங்கச் சம்மதிக்காதீர்கள். கீமோவை முதலில் தொடங்கிவிட்டு, முடிவு வந்ததும் இவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.